தண்ணீரே போதும்: வீட்டில் பிரெஞ்சு வெங்காய சூப்

பழுப்பாகும்வரை வதக்கிய வெங்காயத்தைக் கொதிக்கவைத்து, மேலே ரொட்டியும் சீஸும் போட்டுத் தரும் பிரெஞ்சு வெங்காய சூப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊரிலிருந்து முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். "மாட்டெலும்புச் சாறு இல்லாமல் அது வருமா?" சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்கிறார்கள். மாடு சாப்பிடாதவர்கள் கேட்கிறார்கள். எலும்பை வாங்கி வந்து அரைநாள் கொதிக்கவிட நேரமில்லாதவர்களும் கேட்கிறார்கள். கையில் கிடைக்கிற குறிப்புகளில் பெரும்பாலானவை மாட்டுச் சாற்றை முதல் வரியிலேயே கட்டாயமாக்கிவிடுவதால், படித்த கையோடு ஆசையை மூட்டை கட்டி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வரும். தண்ணீரிலேயே வரும், நன்றாகவே வரும். ஆனால் வெங்காயம் கேட்கிற நேரத்தை அதற்குக் கொடுத்தாக வேண்டும். அதில் மட்டும் பேரம் பேச முடியாது.

என் பேச்சை நம்ப வேண்டாம், அலெக்ஸாந்தர் துமா சொல்வதைக் கேளுங்கள். அவரை நாவலாசிரியராகத்தான் நமக்குத் தெரியும். கடைசி ஆண்டுகளில் அவர் ஒரு பெரிய சமையல் அகராதி எழுதினார். 1870இல் அவர் இறந்த பிறகு, 1873இல் அது அச்சில் வந்தது. அதில் வெங்காய சூப்புக்கு ஒரு கதை உண்டு. போலந்தின் அரியணையை இழந்து லொரேன் பகுதிக்குப் பிரபுவாக வந்தவர் ஸ்தானிஸ்லாஸ். அவருடைய மகள் மரி, பதினைந்தாம் லூயியின் ராணி. மகளைப் பார்க்க லுனெவிலிலிருந்து வெர்சாய்க்கு அவர் போய்வருவது வழக்கம். ஒரு முறை வழியில் ஷாலோன் ஊர்ச் சத்திரத்தில் தங்கியபோது கொடுத்த வெங்காய சூப் அவ்வளவு பிடித்துப்போய், செய்முறையைத் தெரிந்துகொள்ளாமல் பயணத்தைத் தொடர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வீட்டு அங்கியோடு சமையற்கட்டுக்கு இறங்கிப் போய், புகையிலும் வெங்காய நெடியிலும் கண்ணீர் வழிய நின்று, ஒவ்வொன்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டாராம்.

துமா கதை சொல்வதில் கைதேர்ந்தவர். கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அவர் கைவண்ணம் என்பதை அவருக்கே விட்டுவிடலாம். எனக்கு முக்கியம் அதையடுத்து வரும் செய்முறை. ரொட்டியின் மேல்தோல், வெண்ணெய், வெங்காயம், கொதிக்கும் தண்ணீர், உப்பு, மிளகு. அவ்வளவுதான். சீஸ்கூட இல்லை. தண்ணீருக்குப் பதிலாகச் சாறு ஊற்றினால் சூப் இன்னும் சிறக்கும் என்று நினைப்பது தவறு, சத்து மிகுந்து அதன் நயம் கெட்டுப்போகும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. இந்த வரியைப் படித்த பிறகுதான் எலும்புச் சாறு பற்றிய பயம் எனக்கும் விட்டுப்போனது.

மாட்டுச் சாறு ஊற்றுவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய உணவகங்களின் சமையற்கட்டில் எலும்புச் சாறு எப்போதும் கைவசம் இருக்கும். இருப்பதை ஊற்றுவார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது. 1961இல் வந்த, அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டின் புத்தகத்தைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் பல வீடுகள் இந்தச் சூப்பைக் கற்றுக்கொண்டன. அவர் சாறு கேட்கிறார். ஆனால் பாதி சாறு, பாதி தண்ணீர் என்றாலும் சரி என்று இடமும் கொடுக்கிறார். விட்டுக்கொடுக்காதது வெங்காயத்தின் நேரத்தில்தான்: மூடி வைத்து 15 நிமிடம், திறந்து வைத்து 30 முதல் 40 நிமிடம். என் அனுபவத்தில் அதுவும் கொஞ்சம் குறைவு. மூடி வைத்ததையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். 'வெங்காயத்தைப் பத்து நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்' என்று எங்கே எழுதியிருந்தாலும் அந்தக் குறிப்பை அப்படியே மூடி வைத்துவிடலாம். குழம்புக்குத் தாளிக்க அந்த வதக்கல் போதும். இந்தச் சூப்புக்குப் போதாது.

ஏன் அவ்வளவு நேரம்? வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவாகத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் இருக்கிற வரை பாத்திரத்துக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெங்காயம் வேகும், குழையும், நிறம் மட்டும் மாறாது. தண்ணீர் வற்றிய பிறகுதான் சூடு மேலே ஏறும். அப்போதுதான் அதிலுள்ள சர்க்கரையும் புரதத்தின் சிறு கூறுகளும் ஒன்றோடொன்று வினைபுரியத் தொடங்கும். அந்த வினையை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெயார். ரொட்டித் தோலின் பழுப்பு, காப்பிக்கொட்டையின் மணம், தோசை ஓரத்தின் முறுகல் எல்லாவற்றுக்கும் பின்னால் அவர் பெயர் இருக்கிறது. மெயார் பிறந்தது லொரேனில், படித்தது நான்ஸியில். அந்த ஊரின் நடுச்சதுக்கத்தில் இன்றும் ஸ்தானிஸ்லாஸ் சிலையாக நிற்கிறார். சத்திரத்து அடுப்படியில் கண்ணீரோடு நின்றதாகச் சொல்லப்படும் அதே பிரபுதான்.

தண்ணீரே போதும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த காரணம் அது. வெங்காயத்தை நறுக்கியதும் அதன் கந்தகச் சேர்மங்கள் உடைகின்றன. அவற்றில் ஒரு வழி கண்ணீர் வரவழைக்கும் ஆவியாகிறது. இன்னொரு வழியில், நறுக்கிய வெங்காயத்தைச் சூடாக்கும்போது 3-மெர்காப்டோ-2-மெத்தில்பென்டன்-1-ஓல் என்ற நீளப் பெயர் கொண்ட ஒரு சேர்மம் உருவாகிறது. அதன் வாசம் இறைச்சிச் சாற்றின் வாசம். மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். எலும்பிலிருந்து எதை எதிர்பார்க்கிறோமோ அதில் பெரும்பங்கை வெங்காயம் தானே தயாரித்துக்கொள்கிறது. தண்ணீரில் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு, "இதில் கறி எதுவும் போடவில்லையே?" என்று சந்தேகத்தோடு கேட்ட சைவ நண்பர்கள் எனக்கு உண்டு.

சரி, அடுப்படிக்கு வருவோம். நாலு பேருக்கு ஒன்றரைக் கிலோ வெங்காயம். தோல் உரித்து நறுக்கிக் குவித்தால் பாத்திரம் கொள்ளாதே என்று தோன்றும். கொள்ளும். கடைசியில் அது கால் பங்காக வற்றிவிடும். இங்கே பாரிஸ் பக்கத்துச் சந்தையில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் வெங்காயம்தான் நான் வாங்குவது. பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் ரோஸ்கோஃப் ஊரின் இளஞ்சிவப்பு வெங்காயம் பேர்போனது. 1828 முதல் அந்த ஊர்க்காரர்கள் வெங்காயச் சரத்தோடு கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போய் வீடு வீடாக விற்றார்கள். அது இனிப்பான, அருமையான வெங்காயம். அதன் விலைக்குப் பச்சையாகத் தின்பதே மரியாதை. ஊரில் இருப்பவர்கள் பெல்லாரி வாங்கினால் போதும். சிவப்புத் தோல் வெங்காயத்தில் சூப்பின் நிறம் கொஞ்சம் மங்கலாக வரும், ருசிக்கு ஒன்றும் குறைவில்லை. சின்ன வெங்காயத்தில் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்கு: ஒன்றரைக் கிலோ சின்ன வெங்காயத்தை உரிக்க ஆள் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

நறுக்குவதில் ஒரு விஷயம். வெங்காயத்தை வேரிலிருந்து நுனிவரை நெட்டுக்கு இரண்டாகப் பிளந்து, அதே வாக்கில் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு அரியுங்கள். அப்படி அரிந்தால் நார் வெட்டுப்படாமல் நின்று, ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் துண்டு துண்டாகவே இருக்கும். குறுக்கே வளையமாக வெட்டினால் கரைந்து கூழாகிவிடும். கண் எரிவதற்குக் கூரான கத்திதான் மருந்து. மொண்ணைக் கத்தி நசுக்கும், நசுங்க நசுங்க நெடி ஏறும். வெங்காயத்தை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தாலும் நெடி குறையும்.

பாத்திரம் கனமாக இருக்க வேண்டும். பிரெஞ்சு வீடுகளில் எனாமல் பூசிய இரும்புக் குடுவை இதற்கென்றே இருக்கும். அது இல்லையென்றால் அடி தடித்த எவர்சில்வர் பாத்திரமோ, பிரஷர் குக்கரின் அடிப்பாத்திரமோ போதும். நான்ஸ்டிக் மட்டும் வேண்டாம். அடியில் பிடிக்காத பாத்திரத்தில் இந்தச் சூப் வராது. அது ஏன் என்பதை ஒரு யாழ்ப்பாணத்து அண்ணைதான் எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

நான் புதுச்சேரிக்காரன், குடியிருப்பது பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில். பாரிஸ் உணவகங்களின் பின்கதவைத் திறந்தால் உள்ளே தமிழ் கேட்பது இங்கே அதிசயமில்லை. இலங்கையிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களில் எத்தனையோ பேர் கோப்பை கழுவும் வேலையில் தொடங்கி, காய் நறுக்கி, பிறகு அடுப்புக்கு முன்னால் வந்து நின்றவர்கள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் பழக்கமான இந்த அண்ணையும் அப்படித்தான். பிரசெரி எனப்படும் ஒரு பாரிஸ் உணவகத்தில் பல காலம் வெங்காய சூப் அவர் பொறுப்பில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் அடுப்பைக் கூட்டுவதைப் பார்த்துக் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"தம்பி, கூட்டாதேங்கோ. அவசரப்பட்டா கருகும், பழுக்காது."

"எவ்வளவு நேரம் வைக்கணும் அண்ணை?"

"மணிக்கூட்டைப் பாக்காதேங்கோ. காதைக் குடுங்கோ. இப்ப கேக்கிறது தண்ணிச் சத்தம். அது போய் எண்ணெய்ச் சத்தம் வரேக்க சொல்லுங்கோ."

அன்றிலிருந்து நான் இந்தச் சூப்பைக் காதால்தான் சமைக்கிறேன். 60 கிராம் வெண்ணெய், கூடவே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். வெண்ணெய் உருகி நுரை அடங்கியதும் வெங்காயத்தைக் கொட்டி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுப் புரட்டி, மூடி வைத்துவிடுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், மூடி ஆவியைத் தடுக்கும். கால் மணி நேரத்தில் திறந்தால் வெங்காயம் பாதியாக இறங்கி, ஒளி ஊடுருவும்படி வெளுத்து, தன் தண்ணீரிலேயே மிதக்கும். சளசளவென்று அப்போது கேட்பதுதான் அண்ணை சொன்ன தண்ணிச் சத்தம். இனி மூடி வேண்டாம். மெல்ல மெல்ல அந்தச் சத்தம் ஒடுங்கி, சிறு சிறு வெடிப்பாக, காய்ந்த சிடுசிடுப்பாக மாறும். அந்த மாற்றம் கேட்டதும் தீயை ஒரு படி குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். இனிமேல் அடுப்பை விட்டுப் போகக் கூடாது.

இப்போது அகப்பையால் வெங்காயத்தைக் கொஞ்சம் ஒதுக்கிப் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். பழுப்பாக ஒரு ஏடு படிந்திருக்கும். முதலில் அங்கங்கே திட்டாக, பிறகு அடி முழுவதும். பார்த்தால் தீய்ந்துவிட்டது என்று கை பதறும். பதற வேண்டாம். இரண்டு கரண்டி தண்ணீரை அந்த இடத்தில் தெளித்தால் புஸ்ஸென்று ஆவி எழும்பும். தட்டை மரக் கரண்டியால் வழித்தால் ஏடு முழுவதும் கழன்று கரைந்து, பக்கத்திலிருக்கும் வெங்காயம் அந்த நிறத்தை ஒரே நொடியில் உறிஞ்சிக்கொள்ளும். வெளுப்பாக இருந்தது கண்ணெதிரே பழுப்பாகும். "அடியில பிடிச்சது அழுக்கில்லைத் தம்பி, அதுதான் சூப்" என்றார் அண்ணை. மறுபடி படியவிட்டு, மறுபடி தண்ணீர் தெளித்து, மறுபடி வழிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நிறம் ஒரு படி இறங்கும். எப்போதும் கிண்டிக்கொண்டே இருந்தால் ஏடு படியாது. கிண்டாமலே விட்டால் கருகிவிடும். துமாவின் குறிப்பு ஏறக்குறைய விடாமல் கிளறச் சொல்கிறது. விறகடுப்பின் கட்டுக்கடங்காத தீக்கு அது சரியாக இருந்திருக்கும். நம் அடுப்பில் தீயை நாம் ஆளலாம். ஆகவே அண்ணையின் வழிதான் என் வழி.

எங்கே நிறுத்துவது? முற்றிய புளியம்பழத்தின் சதை என்ன நிறமோ அந்த நிறத்தில். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். முதலில் இனிப்பு, முடிவில் நாக்கின் அடியில் ஒரு நுனிக் கசப்பு. அந்தக் கசப்பு வரும்வரை போக வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. பொன்னிறத்திலேயே நிறுத்தினால் சூப் வெறும் இனிப்பாக இருக்கும், அதற்குத் தண்ணீர் போதாது, எலும்புச் சாறு தேவைப்படும். சாறு கட்டாயம் என்று எழுதுகிற குறிப்புகள் வெங்காயத்துக்கு நேரம் ஒதுக்காத குறிப்புகளாகவும் இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நிறத்துக்காகச் சர்க்கரை சேர்ப்பவர்களும் உண்டு, சமையல் சோடா போடுகிறவர்களும் உண்டு. சோடா வினையை வேகப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் வெங்காயத்தைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். ஒன்றேகால் மணி நேரத்தில் அரைமணியை மிச்சம் பிடிக்க அது பெரிய விலை.

நிறம் வந்ததும் ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். சூப் சற்றுக் கெட்டிப்படும். பிறகு புளிப்பான வெள்ளை வைன் 150 மில்லி ஊற்றி, அடியைக் கடைசி முறையாக வழித்து, வைன் வற்றும்வரை விடுங்கள். வைன் தொடாத வீடுகளில் அந்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு, இறக்கும்போது ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்தால் போதும். புளிப்பு என்று ஒன்று அவசியம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இனிப்பு திகட்டும். அடுத்து, ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொதிக்கும் தண்ணீர், இரண்டு கொத்து தைம் மூலிகை, ஒரு பிரிஞ்சி இலை. பிரெஞ்சுப் பிரிஞ்சி இலையும் நம் ஊர்ப் பிரிஞ்சி இலையும் வேறு வேறு மரங்கள். நம்முடையதில் பட்டை வாசம் தூக்கும் என்பதால், அதைத்தான் போட வேண்டியிருந்தால் போடாமலே விட்டுவிடுங்கள். அரைமணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். உப்பும் மிளகும் கடைசியில். சீஸில் உப்பு உண்டு, அதற்கு இடம் விட்டுப் போடுங்கள்.

இஞ்சி, பூண்டு விழுது, கறிவேப்பிலை, சீரகம் எதுவும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் புதுச்சேரி வடவத்தை இங்கே பிரெஞ்சு சமையல்காரர்கள் 'வடுவன்' என்று வாங்கி மீன் மேலும் கோழி மேலும் தூவுகிறார்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் வெந்தயமும் வெயிலில் காய்ந்து உருண்டையாகும் அந்த வாசனைக்கு ஈடு கிடையாது. அதுவும் வெங்காயம்தானே, இதில் ஒரு உருண்டை போட்டால் என்ன என்று உறவினர்கள் கேட்பதுண்டு. போட்டால் சூப் முழுக்க வடவம் மணக்கும், ஒரு மணி நேரம் நின்று எடுத்த அந்த நுனிக் கசப்பு காணாமல் போகும். வடவம் மீன் குழம்புக்கு இருக்கட்டும்.

ரொட்டியும் சீஸும் சேர்ந்து, மேலே பொரிந்து வரும் வடிவம்தான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்தது. அந்த வடிவத்தை ஊரறியச் செய்தது பாரிஸின் லே ஆல் சந்தை. 12ஆம் நூற்றாண்டிலிருந்து 1969 வரை நகரத்தின் நட்ட நடுவில் இருந்த சந்தை அது. எமீல் ஸோலா அதைப் 'பாரிஸின் வயிறு' என்றே அழைத்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டடக் கலைஞர் பல்தார் இரும்பாலும் கண்ணாடியாலும் கூடங்கள் எழுப்பினார். நள்ளிரவில் காய்கறியும் கறியும் மீனும் வந்து இறங்கும், விடிவதற்குள் விற்றுத் தீரும். குளிரில் மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சூடாக, மலிவாக, வயிறு நிறைய ஏதாவது வேண்டும். பழைய ரொட்டியும் வெங்காயமும் கொண்டு வயிற்றை நிறைக்கும் இந்தச் சூப் அவர்களுக்கானது. நாடகமும் நடனமும் முடிந்து பட்டுச் சட்டையோடு வருகிற கூட்டமும் அதே கடைகளுக்குள் நுழைந்து, இரத்தக் கறை படிந்த ஏப்ரன் கட்டிய கசாப்புக்காரர்களின் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கும். 1947இல் திறந்த 'ஓ பியே த கொஷோன்' என்ற உணவகம் அந்த இராக்கூட்டத்துக்கென்றே பெயர் பெற்றது. இன்றும் அங்கே அந்தச் சூப் கிடைக்கும்.

சந்தை 1969இல் நகருக்குத் தெற்கே ருன்ஜிசுக்குப் போய்விட்டது. பல்தாரின் கூடங்களை 1971இல் இடிக்கத் தொடங்கினார்கள். ஒன்றை மட்டும் பெயர்த்து நொஜான் சூர் மார்னில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். மற்ற இடத்தில் இன்று கடைத்தொகுதியும், பூமிக்கடியில் பெரிய ரயில் நிலையமும். வேலைக்குப் போகும்போது நான் வண்டி மாறும் நிலையம் அதுதான். அந்தக் கூடங்களை இடித்ததை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. ஒரு நகரம் தன் சாப்பாட்டை இரவு முழுக்கக் கண்ணால் பார்த்த இடம் அது.

ரொட்டி நேற்றையதாக இருக்கட்டும். புது ரொட்டி சூப்பில் விழுந்ததும் ஊறிக் குழைந்துவிடும். ஒரு விரல் கனத்துக்கு அரிந்து, 150 டிகிரி ஓவனில் இரண்டு பக்கமும் கலகலவென்று காயவையுங்கள், பூண்டை ஒரு முறை மேலே தேய்த்துக்கொள்ளலாம். பாரிஸில் ஆண்டுதோறும் சிறந்த பாகெட் ரொட்டிக்குப் போட்டி நடக்கும். வென்றவர் ஓராண்டு குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்கலாம். 2023இல் வென்றவர் இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜா. அந்தச் செய்தி வந்த நாள் லா ஷப்பேலில் அத்தனை முகத்திலும் சிரிப்பு.

சீஸுக்கு கோம்தே அல்லது சுவிட்சர்லாந்தின் குருயேர். நான் கோம்தே கட்சி. ஜுரா மலைப்பக்கத்துச் சீஸ் அது. 40 கிலோ சக்கரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 400 லிட்டர் பால் பிடிக்கும். குறைந்தது நான்கு மாதம் பழுத்த பிறகே விற்பனைக்கு வரும். மிக முற்றியதை வாங்காதீர்கள், உருகாமல் எண்ணெய் பிரியும். நாலு பேருக்கு 200 கிராம் துருவல் போதும். சைவக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த இரண்டு சீஸிலும் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள். அது ஒப்பாதவர்கள், தாவர ரென்னெட் என்று உறையில் போட்ட கடினமான சீஸ் எதையாவது வாங்கலாம். ஆரோவில்லிலும் கொடைக்கானலிலும் செய்கிற சீஸ்களை விசாரித்துப் பாருங்கள். மொஸரெல்லா மட்டும் வேண்டாம், இழுபடும், ருசி இருக்காது. எதுவும் கிடைக்கவில்லையா? சீஸ் இல்லாமலே குடியுங்கள். லுனெவில் பிரபுவும் அப்படித்தான் குடித்திருக்கிறார்.

ஓவனில் வைக்கத் தாங்கும் கிண்ணத்தில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை சூப். மேலே ரொட்டி, இடைவெளி இல்லாமல் அடுக்கிவிடுங்கள். இடைவெளி இருந்தால் சீஸ் சூப்புக்குள் இறங்கி அடியில் கட்டியாகிவிடும். சீஸை ரொட்டி மேலும் கிண்ணத்தின் விளிம்பு மேலும் தூவி, கிரில்லின் கீழே வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் குமிழ் விட்டு அங்கங்கே பழுத்துவரும். ஓவன் இல்லாதவர்கள் ரொட்டியில் சீஸை வைத்துத் தோசைக்கல்லில் மூடிபோட்டு உருக்கி, சூப்பின் மேல் போட்டுக்கொள்ளலாம். பொரிந்த மேல்தோல் கிடைக்காதே தவிர மற்றதெல்லாம் கிடைக்கும்.

மேசைக்கு வந்ததும் உடனே வாயில் வைக்காதீர்கள். சீஸ் மூடியிருப்பதால் உள்ளே சூடு அடங்காமல் இருக்கும். கரண்டியின் ஓரத்தால் நடுவில் உடைத்தால் ஆவி வெளியேறும். முதல் வாயில் ரொட்டி கொஞ்சம், சீஸ் கொஞ்சம், வெங்காயம் கொஞ்சம், மூன்றும் சேர்ந்து வரவேண்டும். பிரான்சில் கல்யாண விருந்து ஆடிப்பாடி விடியற்காலையை எட்டும்போது இதைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. தென்மேற்குப் பக்கக் கிராமத்துப் பெரியவர்கள் கிண்ணத்தில் கடைசி இரண்டு வாய் மிச்சம் வைத்து, அதில் சிவப்பு வைனை ஊற்றிக் கலக்கி, கிண்ணத்தைத் தூக்கி அப்படியே குடித்துவிடுவார்கள்.

வேலை அதிகம் என்று தோன்றினால் ஒரு யோசனை. வெங்காயத்தை இரண்டு மடங்காக வதக்கி வையுங்கள், பாத்திரம் மட்டும் அகலமாக இருக்கட்டும். பாதியைச் சூப்புக்கு எடுத்துக்கொண்டு, மீதியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக ஃபிரீசரில் போட்டால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். கொதிக்கும் தண்ணீரில் ஒரு பொட்டலத்தை இறக்கினால் கால் மணி நேரத்தில் சூப் தயார். ஆம்லெட்டுக்குள்ளும் வைக்கலாம். ரொட்டியும் சீஸும் முன்கூட்டிச் செய்து வைக்கக் கூடாது, அவை அன்றன்றைக்குத்தான்.